நிலக்கரி ஊர்களின் வெம்ப்ளி

லீக்குக்கு வெளியே – அத்தியாயம் 7

1954 ஏப்ரல் மாதம். லண்டனின் வெம்ப்ளி மைதானத்தில் ஒரு லட்சம் பேர் திரண்டிருக்கிறார்கள். களத்தில் இறங்கப்போவது ஆர்சனலும் அல்ல, மான்செஸ்டர் யுனைடெட்டும் அல்ல. இங்கிலாந்தின் வடகிழக்கில், டர்ஹம் மாவட்டத்தில், எட்டே கிலோமீட்டர் இடைவெளியில் இருக்கும் இரண்டு சிறிய ஊர்களின் அணிகள்: பிஷப் ஆக்லண்ட், க்ரூக் டவுன். பக்கத்துப் பக்கத்து ஊர்க்காரர்கள் தங்களுக்குள் மோதிக்கொள்ள நானூறு கிலோமீட்டர் பயணம் செய்து தலைநகருக்கு வந்திருக்கிறார்கள். வந்த கூட்டமோ இரண்டு ஊர்களின் மக்கள்தொகையையும் சேர்த்தாலும் எட்டாத அளவு.

இரண்டு கிளப்புகளும் ஃபுட்பால் லீக்கில் இல்லாதவை. ஆட்டக்காரர்கள் யாருக்கும் ஒப்பந்தச் சம்பளம் கிடையாது. வார நாட்களில் வேறு வேலை பார்ப்பவர்கள். இப்படிப்பட்ட இரண்டு ஊர்கள் நாட்டின் மிகப் பெரிய மைதானத்தை நிரப்பியது எப்படி? பிறகு அந்தக் கூட்டமெல்லாம் எங்கே போனது? இந்த அத்தியாயம் அந்த இரண்டு கேள்விகளுக்கான விடை.

கடந்த அத்தியாயத்தில், 1885-இல் கால்பந்துச் சங்கம் சம்பளத்துக்கு ஆடுவதை அனுமதித்ததையும், 1888-இல் பன்னிரண்டு கிளப்புகள் கூடி ஃபுட்பால் லீக்கைத் தொடங்கியதையும் பார்த்தோம். அந்தப் பன்னிரண்டில் வடகிழக்குக் கிளப் ஒன்றுகூட இல்லை. அடுத்த ஆண்டே, 1889-இல், டார்லிங்டனைச் சேர்ந்த சார்லஸ் கிரேவன் முன்னின்று அழைக்க, பத்து கிளப்புகள் சேர்ந்து நார்தர்ன் லீக்கை உருவாக்கின. உலகில் இன்றும் நடந்துகொண்டிருக்கும் கால்பந்து லீக்குகளில் வயதில் இரண்டாவது இதுதான். முதல் பருவத்தின் சாம்பியன் டார்லிங்டன் செயின்ட் அகஸ்டின்ஸ்.

அந்தப் பத்தில் நியூகாசிலின் கிழக்கு, மேற்குப் பகுதிகளைச் சேர்ந்த இரண்டு அணிகளும் இருந்தன. மேற்கு அணி 1892-இல் கலைந்தது. கிழக்கு அணி, கலைந்த அணியின் மைதானமான செயின்ட் ஜேம்ஸ் பார்க்குக்குக் குடிபெயர்ந்து நியூகாசில் யுனைடெட் ஆனது. மிடில்ஸ்பரோவும் இங்கே தொடங்கியதுதான். பெரிய நகரங்களின் கிளப்புகள் சம்பள ஆட்டத்தின் பக்கம் ஒவ்வொன்றாகப் போய்ச் சேர்ந்தன. எஞ்சியவை சிறிய ஊர்களின் அணிகள். 1906 முதல் நார்தர்ன் லீக் முழுக்க முழுக்க அமெச்சூர் லீக் ஆயிற்று.

கனவான்களின் கோப்பை, வடக்கத்தியர் கையில்

சம்பள ஆட்டம் வந்த பிறகு, சம்பளம் வாங்காமல் ஆடுபவர்களுக்கென்று கால்பந்துச் சங்கம் தனிக் கோப்பை ஒன்றை ஏற்படுத்தியது. 1893–94-இல் தொடங்கிய அமெச்சூர் கோப்பை அது. தெற்கின் வசதியான தனியார் பள்ளிகளின் பழைய மாணவர் அணிகளுக்கு அது உகந்த மேடையாக இருக்கும் என்ற எண்ணமே அதன் பின்னால் இருந்தது. முதல் கோப்பையும் அப்படிப்பட்ட ஓர் அணிக்கே போனது. அடுத்த ஆண்டு மிடில்ஸ்பரோ அதை வடக்கே கொண்டு போனது. 1896-இல் பிஷப் ஆக்லண்ட். அதன் பிறகும் கோப்பை பல முறை வடக்கே வந்தது.

பிஷப் ஆக்லண்டின் பிறப்பு சுவையானது. டர்ஹம் பிஷப்பின் அரண்மனை இருக்கும் ஊர் அது. பிஷப் லைட்ஃபுட் காலத்தில், பாதிரியார் பயிற்சிக்காக ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் பட்டதாரிகள் அங்கே வந்து தங்கினார்கள். கையோடு கால்பந்தையும் கொண்டு வந்தார்கள். அந்தப் பல்கலைக்கழகங்களின் கருநீலமும் வெளிர்நீலமும் கிளப்பின் சட்டையில் ஏறின, இன்றுவரை இறங்கவில்லை. ஆனால் சட்டையைப் போட்டுக்கொண்டு ஆடியவர்கள் வெகு சீக்கிரமே மாறிவிட்டார்கள். சுற்றுவட்டாரம் முழுவதும் நிலக்கரிச் சுரங்கம். வியர் ஆற்றின் இரு பக்கமும் சுரங்கத்துக்கு ஒரு குடியிருப்பு, குடியிருப்புக்கு ஒரு தேவாலயம், ஒரு மதுக்கூடம், ஒரு கால்பந்து அணி என்று வரிசையாக முளைத்திருந்தன. சுரங்க வாயில் நின்று விசிலடித்தால் போதும், ஒரு ஃபார்வர்டு மேலே ஏறி வருவான் என்பது அந்த வட்டாரத்துப் பேச்சு.

1974-இல் நின்றுபோகும்வரை அமெச்சூர் கோப்பைக்காக 71 இறுதிப் போட்டிகள் நடந்தன. பிஷப் ஆக்லண்ட் அவற்றில் 18-இல் ஆடியது, 10-இல் வென்றது. வேறு எந்தக் கிளப்பும் அந்த எண்ணிக்கையை நெருங்கவில்லை. க்ரூக் டவுன் ஐந்து முறை இறுதிக்கு வந்து ஐந்து முறையும் வென்றது: 1901, 1954, 1959, 1962, 1964. எட்டுக் கிலோமீட்டர் இடைவெளியில் இருக்கும் இரண்டு ஊர்களுக்கு மட்டும் 71-இல் 15 கோப்பை. ஒரு நாட்டின் போட்டியில் ஒரு பள்ளத்தாக்கு இவ்வளவு ஆதிக்கம் செலுத்தியதற்கு இணை காட்டுவது கடினம்.

டுரினில் ஒரு தேயிலைக் கோப்பை

பிஷப் ஆக்லண்டிலிருந்து நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில் இருக்கிறது வெஸ்ட் ஆக்லண்ட். சுரங்கத் தொழிலாளிகளின் கிராமம். 1909-இல் இத்தாலியின் டுரின் நகரில் பல நாட்டு அணிகள் ஆடும் போட்டி ஒன்று ஏற்பாடானது. கோப்பையைக் கொடுத்தவர் தேயிலை வியாபாரி சர் தாமஸ் லிப்டன். அதிகாரபூர்வ அணி அனுப்ப இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் மறுத்துவிட, இங்கிலாந்தின் பெயரில் போனது வெஸ்ட் ஆக்லண்ட். பெரிய கிளப்புகள் பல இருக்க இந்தக் கிராமத்து அணிக்கு அழைப்பு வந்தது ஏன் என்பதற்குப் பல கதைகள் சொல்கிறார்கள். ஒன்றுக்கும் ஆதாரம் கிடையாது. பயணச் செலவுக்காக ஆட்டக்காரர்கள் வீட்டுப் பொருட்களை விற்றார்கள் என்று ஊரில் இன்றும் சொல்கிறார்கள்.

அரையிறுதியில் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் அணியை 2–0 என வென்றார்கள். இறுதியில் சுவிட்சர்லாந்தின் வின்டர்தூர் அணியை அதே 2–0. 1911-இல் கோப்பையைத் தக்கவைக்க மறுபடியும் போனார்கள். இறுதியில் எதிரே நின்றது யுவென்டஸ். முடிவு 6–1, வெஸ்ட் ஆக்லண்டுக்கு. இரண்டு முறை வென்றதால் கோப்பை அவர்களுக்கே சொந்தமானது. முதல் அதிகாரபூர்வ உலகக் கோப்பை 1930-இல்தான் வந்தது. அதனால் டுரின் போட்டியையே முதல் உலகக் கோப்பை என்று உரிமை கொண்டாடுகிறது இந்த ஊர்.

ஊர் திரும்பியபோது கிளப்பின் தலையில் கடன். கோப்பையை உள்ளூர் ஹோட்டல் நடத்திய அம்மாளிடம் 40 பவுண்டுக்கு அடகு வைத்தார்கள். ஐரோப்பாவில் வென்ற கோப்பை ஏறத்தாழ அரை நூற்றாண்டு அவர் வீட்டில் இருந்தது. 1960-இல் ஊர் மக்கள் 100 பவுண்டு கொடுத்து அதை மீட்டார்கள். கிராமத்துத் தொழிலாளர் மன்றத்தில் பெருமையோடு வைத்திருந்த அந்தக் கோப்பை 1994 ஜனவரியில் திருடு போனது. திரும்பக் கிடைக்கவே இல்லை. இன்று அங்கே இருப்பது அதே அச்சில் செய்த மாற்றுக் கோப்பை.

தமிழ் வாசகர்களுக்கு இந்தக் கோப்பையோடு ஓர் உறவு இருக்கிறது. கிளாஸ்கோவில் மளிகைக் கடைகள் நடத்திப் பணம் சேர்த்த லிப்டன், 1890-இல் இலங்கைக்குப் போய் நோயால் அழிந்த காப்பித் தோட்ட நிலங்களை மலிவாக வாங்கினார். ஹப்புத்தளைக்கு அருகே உள்ள தம்பேதென்னை அவருடைய முக்கியத் தோட்டம். அங்கே கொழுந்து பறித்தவர்கள் தமிழகத்திலிருந்து கங்காணிகள் கூட்டிப்போன குடும்பங்கள். மலையகத் தமிழ்ப் பெண்களின் உழைப்பும் சேர்ந்து பெருக்கிய செல்வத்திலிருந்து வந்த கோப்பையை, டர்ஹமின் சுரங்கத் தொழிலாளிகள் வென்று வீட்டுக்கு எடுத்துப் போனார்கள். இரு தரப்புக்கும் மற்றவர் இருப்பது தெரியாது. அந்தக் கோப்பையின் வரலாற்றை எழுதும்போது இருவரையும் ஒரே பக்கத்தில் எழுதுவதுதான் நியாயம்.

1909-இல் வெஸ்ட் ஆக்லண்டுக்காக விருந்தாளியாக ஆடியவர்களில் ஒருவர் ஜாக் கிரீன்வெல், க்ரூக்கைச் சேர்ந்தவர். 1912-இல் அவர் பார்சிலோனா அணியில் சேர்ந்தார். 1917-இல் அதன் பயிற்சியாளரானார். இரண்டு கட்டங்களாக அங்கே பல ஆண்டுகள் பயிற்சி கொடுத்தார். அவர் வழியாகவே க்ரூக் டவுன் அணி பார்சிலோனாவுக்குப் போய் ஆடியது. 1939-இல் அவர் பயிற்சியில்தான் பெரு நாடு முதன்முறையாகத் தென் அமெரிக்கச் சாம்பியன் ஆனது. சிறிய லீக் என்று நாம் ஒதுக்கிவிடும் இடத்திலிருந்து ஆட்டத்தின் அறிவு கடல் கடந்து போன வழி இது.

பூட்ஸுக்குள் பணம்

இனி, இந்த வரலாற்றில் மூடிவைக்கக் கூடாத பகுதி. அமெச்சூர் என்றால் ஆட்டத்துக்காக ஒரு பென்னிகூட வாங்கக் கூடாது. சொத்துள்ளவருக்கு இந்த விதி ஒரு சுமையே அல்ல. சுரங்கத்தில் உழைப்பவர் நிலை வேறு. வெளியூர் ஆட்டத்துக்காக ஒரு ஷிப்ட் விட்டால் அந்தக் கூலி போச்சு. வீட்டில் அடுப்பு எரிய வேண்டும். ஆகவே ஆட்டம் முடிந்து உடை மாற்றும் அறைக்குத் திரும்பினால் பூட்ஸுக்குள் சில நாணயங்கள் கிடக்கும். பயணப்படி என்ற பெயரில் கொஞ்சம் கூடுதலாகவும் கிடைக்கும். எல்லாக் கிளப்புகளும் கொடுத்தன, எல்லோருக்கும் தெரியும், யாரும் பேசுவதில்லை.

1928-இல் இந்த மௌனம் உடைந்தது. பணம் கொடுத்ததாக மாவட்டக் கால்பந்துச் சங்கம் க்ரூக் டவுன் மீது நடவடிக்கை எடுத்தது. மற்றவர்களும் இதைத்தானே செய்கிறார்கள் என்று க்ரூக் தரப்பு எடுத்துக் காட்டியது. விசாரணை விரிந்தது. முந்நூறுக்கும் மேற்பட்ட ஆட்டக்காரர்கள் தடைக்கு ஆளானார்கள். தொழிலாளியின் இழந்த கூலியை ஈடுகட்டுவது குற்றமாகவும், வேலைக்கே போகத் தேவையில்லாதவரின் ஓய்வு தூய்மையாகவும் பார்க்கப்பட்ட காலம் அது. அந்த ஆட்டக்காரர்களை ஏமாற்றுக்காரர்கள் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. விதி அவர்களுடைய வாழ்க்கையை அறியாதவர்கள் எழுதிய விதி.

ஆனாலும் அதே விதிதான் இந்த ஊர்களைக் காப்பாற்றவும் செய்தது. சம்பள ஆட்டக்காரர்களுக்கு அன்று உச்சவரம்பு இருந்தது. அது நீக்கப்பட்ட 1961-இல்கூட வாரத்துக்கு 20 பவுண்டுதான் எல்லை. ஆசிரியர் வேலையோ நல்ல உத்தியோகமோ கையில் இருப்பவர் அதை விட்டுவிட்டுப் பெரிய கிளப்புக்குப் போவதால் பெரிதாக ஒன்றும் சேர்ந்துவிடாது. முப்பத்தைந்து வயதில் காலும் போய் வேலையும் இல்லாமல் நிற்க வேண்டி வரலாம். அதனால் முதல் டிவிஷனில் ஆடக்கூடிய திறமைசாலிகள் பலர் பிஷப் ஆக்லண்டிலும் க்ரூக்கிலும் தங்கினார்கள். வெம்ப்ளியை நிரப்பிய ஆட்டத்தின் தரத்துக்கு இதுவே காரணம்.

மூன்று ஆட்டம், ஒரு கோல்

போருக்குப் பிறகு, 1949 முதல் அமெச்சூர் கோப்பை இறுதி வெம்ப்ளிக்கு மாறியது. அடுத்த ஆண்டே இறுதிக்கு வந்த இரண்டு அணிகளும் டர்ஹமிலிருந்து: வில்லிங்டனும் பிஷப் ஆக்லண்டும். 88,000 பேர் முன்னிலையில் சின்னஞ்சிறு வில்லிங்டன் 4–0 என்று வென்றது. 1951-இலும் பிஷப் ஆக்லண்ட் இறுதியில் தோற்றது. அதன் பிறகு வந்தது 1954.

மாற்று ஆட்டக்காரரை இறக்க அன்று விதி கிடையாது. வெம்ப்ளியில் பிஷப் ஆக்லண்டின் ஜிம்மி நிம்மின்ஸ் கால் முறிந்து வெளியேற, பத்துப் பேரோடு போராடி ஆட்டத்தை 2–2 என நிறுத்தினார்கள். மறு ஆட்டம் நியூகாசிலில். வந்தவர்கள் 56,008 பேர். அதுவும் 2–2. மூன்றாவது ஆட்டம் மிடில்ஸ்பரோவில், 36,727 பேர் முன்னிலையில். ஒரே ஒரு கோலில் க்ரூக் டவுன் வென்றது. மூன்று ஆட்டங்களுக்கும் சேர்த்து 1,92,735 பேர். இரண்டு சுரங்க ஊர்களின் ஆட்டத்துக்கு.

தோற்ற பிஷப் ஆக்லண்ட் துவண்டு போகவில்லை. அடுத்த பருவத்தில், லீக் கிளப்புகளும் ஆடும் எஃப்.ஏ. கோப்பையில், கிரிஸ்டல் பேலஸை அவர்கள் மைதானத்திலேயே 4–2 என்று வீழ்த்தியது. இரண்டாம் டிவிஷனில் இருந்த இப்ஸ்விச்சை மறு ஆட்டத்தில் 3–0 என்று வென்று நான்காவது சுற்றுவரை போனது. அமெச்சூர் கோப்பையை 1955, 1956, 1957 என்று தொடர்ந்து மூன்று முறை வென்றது. அந்த அணியின் நாயகன் பாப் ஹார்டிஸ்டி: உடற்கல்வி ஆசிரியர், வழுக்கைத் தலை, நடுக்களத்தில் அசராத நிதானம். 1948, 1952, 1956 என மூன்று ஒலிம்பிக்கில் பிரிட்டன் அணியில் இடம் பெற்றவர். 1948 அணிக்குப் பயிற்சியாளர் மான்செஸ்டர் யுனைடெட்டின் மேட் பஸ்பி.

அந்த அறிமுகம் பத்தாண்டு கழித்து உதவிக்கு வந்தது. 1958 பிப்ரவரி 6 அன்று மியூனிக் விமான விபத்தில் யுனைடெட் தன் ஆட்டக்காரர்களில் எட்டுப் பேரை இழந்தது. ரிசர்வ் அணிக்குக்கூட ஆள் திரட்ட முடியாத நிலை. பிஷப் ஆக்லண்டிலிருந்து ஹார்டிஸ்டி, டெரக் லூவின், வாரன் பிராட்லி மூவரும் மான்செஸ்டருக்குப் போனார்கள். பள்ளி ஆசிரியரான பிராட்லி அங்கேயே முதல் அணிக்கு உயர்ந்து, 1959-இல் இங்கிலாந்துக்காகவும் ஆடினார். பெரிய கிளப் சாய்ந்தபோது தோள் கொடுத்தது லீக்கில் இல்லாத ஒரு கிளப். மியூனிக்கைப் பற்றிப் பேசுபவர்கள் இந்த மூவரையும் சேர்த்தே பேச வேண்டும்.

சுரங்கம் மூடியது

1951-இல் டர்ஹம் மாவட்ட நிர்வாகம் ஒரு திட்டம் வெளியிட்டது. நிலக்கரி தீர்ந்துகொண்டிருக்கும் 114 கிராமங்களை ‘டி’ பிரிவில் வைத்தது. அங்கே இனிப் புது வீடு கிடையாது, புது முதலீடு கிடையாது. இருக்கும் வீடுகள் பாழானால் இடித்துவிடலாம். பிஷப் ஆக்லண்டுக்குப் பக்கத்திலிருக்கும் விட்டன் பார்க்கும் அந்தப் பட்டியலில் இருந்தது. வெம்ப்ளியில் ஒரு லட்சம் பேர் கூடிய அதே ஆண்டுகளில், அந்த ஆட்டக்காரர்களின் பக்கத்து ஊர்களைச் சாகவிடுவது அரசின் கொள்கையாக இருந்தது. 1960-களில் மேற்கு டர்ஹமின் சுரங்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடின. வேலை தேடி இளைஞர்கள் கிளம்பினார்கள்.

அதே சமயத்தில் சம்பள உச்சவரம்பும் போனது. இனித் திறமைசாலியை ஊரில் நிறுத்த வழியில்லை. 1962-இல் க்ரூக்குக்காகக் கோப்பை வென்ற ஃபிராங்க் கிளார்க் அதே ஆண்டு நியூகாசிலுக்குப் போனார். 1979-இல் நாட்டிங்ஹம் ஃபாரஸ்டோடு ஐரோப்பியக் கோப்பையை வென்றார். வீட்டுக்கு வீடு தொலைக்காட்சி வந்தது. கார் வாங்கியவர்கள் சனிக்கிழமை சண்டர்லாந்துக்கும் நியூகாசிலுக்கும் ஓட்டிப் போனார்கள். 1974-இல் அமெச்சூர், தொழில்முறை என்ற பிரிவையே கால்பந்துச் சங்கம் எடுத்துவிட்டது. பூட்ஸுக்குள் பணம் வைக்கும் தேவை ஒழிந்தது. அமெச்சூர் கோப்பையும் அதோடு ஒழிந்தது. பொய்யை அகற்றியது சரியான முடிவுதான். ஆனால் அந்தப் பொய் தாங்கிக்கொண்டிருந்த மேடையும் சேர்ந்து சரிந்தது. அதற்கு மாற்றாக இந்த ஊர்களுக்கு யாரும் எதுவும் கொடுக்கவில்லை.

நார்தர்ன் லீக்கும் தன் பங்குக்குத் தவறியது. கீழிருந்து மேலேறும் படிவரிசையாக நாட்டின் லீக்குகள் ஒழுங்குபட்டபோது, பழைய பெருமையில் அது சேர மறுத்து 1991 வரை விலகி நின்றது. அதற்குள் நல்ல கிளப்புகள் பொறுமை இழந்தன. பிஷப் ஆக்லண்டே 1988-இல் வெளியேறியது. 2001-இல் தன் கிங்ஸ்வே மைதானத்தை விட்டு வெளியேறி, 2010-இல் புது மைதானம் அமையும்வரை அடுத்தவர் மைதானங்களில் ஆடியது. பத்துக் கோப்பை வென்ற கிளப்புக்குக் கிட்டத்தட்ட ஒன்பது ஆண்டுகள் சொந்த மண் இல்லை.

இத்தனைக்குப் பிறகும் கிளப்புகள் அழியவில்லை. அமெச்சூர் கோப்பைக்குப் பின் சிறிய கிளப்புகளுக்காக வந்த எஃப்.ஏ. வாஸ் கோப்பையில், 2009 முதல் 2013 வரை ஐந்து ஆண்டும் வென்றவை நார்தர்ன் லீக் அணிகள்: விட்லி பே தொடர்ந்து மூன்று முறை, பிறகு டன்ஸ்டன், பிறகு ஸ்பென்னிமூர். 2012 இறுதியில் டன்ஸ்டனோடு மோதியது நமது வெஸ்ட் ஆக்லண்ட். 1961 அமெச்சூர் கோப்பை இறுதிக்குப் பிறகு, 51 ஆண்டு கழித்து மீண்டும் வெம்ப்ளி. தோற்றார்கள், 2014-இல் திரும்ப வந்தார்கள்.

சுரங்கம் போய்விட்டது, பல ஊர்களில் ரயிலும் போய்விட்டது, அமெச்சூர் விதியும் போய்விட்டது. கிளப் மட்டும் இருக்கிறது. டிக்கெட் கிழிப்பவர், புல் வெட்டுபவர், தேநீர் போடுபவர் எல்லோரும் ஊர்க்காரர்கள். பெரும்பாலும் ஊதியமில்லாமல் செய்கிறார்கள். பெரிதாக வளர முடியாமல் போனவை என்று இவற்றை எண்ணுவது பிழை. க்ரூக்கும் வில்லிங்டனும் ஆர்சனலாக ஆசைப்பட்டு ஆடவில்லை. பக்கத்து ஊரை வெல்வதற்காக ஆடினார்கள். அந்த ஆட்டம் ஒரு லட்சம் பேரை இழுக்கும் அளவுக்கு நன்றாக இருந்தது. இங்கிலாந்துக் கால்பந்தின் வரலாற்றை லீக் பட்டியலின் உச்சியிலிருந்து மட்டும் எழுதினால், மூன்று ஆட்டங்களுக்கு வந்த இந்த 1,92,735 பேரும் அதில் இருக்க மாட்டார்கள். அவர்கள் இல்லாத வரலாறு பாதி வரலாறுதான்.

அடுத்த வாரம் வியர் பள்ளத்தாக்கிலிருந்து வடக்கே, கடலோர நிலக்கரித் துறைமுகமான பிளைத்துக்குப் போகிறோம். 1978 பிப்ரவரியில் ஒரு நார்தர்ன் லீக் அணி எஃப்.ஏ. கோப்பைக் கால் இறுதியை எட்ட இன்னும் சில நொடிகளே இருந்தபோது, மூலையில் சாய்ந்து விழுந்த ஒரு கொடிக்கம்பு எல்லாவற்றையும் மாற்றியது.

(தொடரும்)